பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை: ஒரு வலைக் கணக்கு

சனி: பழையாறு – கூழையாறு

பழையாறு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடு பிடிக்கிற நேரம். ஐஸ் உடைக்கிற சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. முதுகில் பையோடு நின்ற எங்களைப் பார்த்து, கூடை வைத்திருந்த ஒரு அக்கா, "வேளாங்கண்ணிக்கா?" என்றார். கோடியக்கரைக்கு என்றோம். "அங்க என்ன வேண்டுதல்?" கடலாமைக்காக நடக்கிறோம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கூட வந்த ஓய்வு பெற்ற வாத்தியார்தான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. "ஆமைக்கு நடக்குறது இருக்கட்டும், வலைக்கு யாரு நடப்பா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்த நடையே. நாங்கள் நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று சொந்தக்காரர்கள், நண்பர்கள், கும்பகோணத்துக் கடைக்காரர்கள் என்று பலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஆமை முட்டைகளுக்கு இராக்காவல் இருப்பவர்களுக்கு. பெரிய பங்கு, சிக்கிய ஆமையை உயிரோடு விடத் தன் வலையை அறுத்த மீனவர்களுக்கு. மகாராஷ்டிரத்தில் 2018 முதல் அரசே இதைச் செய்கிறது. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. ஆமை 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. ஆனால் புலியைக் காப்பாற்ற யாரும் தன் கைப்பொருளை அறுத்துப் போட வேண்டியதில்லை.

அப்புறம் நடை. காய்ந்த மணலில் கால் புதைந்து பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற விளிம்புதான் கெட்டியான பாதை. இடதுகையில் கடல், வலதுகையில் சவுக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் உளுந்து வயல். மாசி மாதம் டெல்டாவில் சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்திலும் அந்தப் பச்சை வந்துவிடுகிறது.

கொட்டாயமேடு தாண்டியதும் மணலுக்குள்ளிருந்து ஒரு நைலான் வலை நீட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த கல்லூரிப் பெண்கள் இருவரும் அதை இழுக்க ஆரம்பித்தார்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எல்லோரும் மண்டி போட்டுத் தோண்டினோம். உள்ளே ஒரு ரப்பர் செருப்பு, ஈயக்குண்டுகள், இரண்டு காய்ந்த நண்டு, இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்த ஒரு நண்டு. கடலில் அறுந்து போன வலை யாருக்காகவும் இல்லாமல் இப்படியே பிடித்துக்கொண்டிருக்கும், நைலான் மக்குவதில்லை. உயிரோடு இருந்த நண்டை விடுவிக்க நகவெட்டிதான் உதவியது. விட்டதும் முதல் வேலையாக என் விரலைக் கவ்விவிட்டுப் போனது.

ராத்திரி கூழையாற்றில். இங்கே வனத்துறையின் ஆமை முட்டைப் பொரிப்பகம் இருக்கிறது. பெயர்தான் பெரிதாக இருக்கிறதே தவிர, மூங்கில் நட்டு வலை கட்டிய ஒரு மணல் திட்டு. உள்ளே வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சி, அதில் தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதிய அட்டை.

காவல்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு கட்டுமரத்தில் போனவர். அவரோடு நள்ளிரவுக்கு மேல் நடந்தோம், வனத்துறையிடம் முன்னமே அனுமதி வாங்கியிருந்தோம். டார்ச் அடிக்கக் கூடாது என்றார். ஏறி வருகிற ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். கடலிலிருந்து மேலேறி, வளைந்து, திரும்பவும் கடலுக்கே இறங்கிய தடம் ஒன்றை அவர் இருட்டிலேயே காலால் கண்டுபிடித்தார். வளைவின் உச்சியில் மண் கலைந்திருந்தது. ஒரு மெல்லிய கம்பியை அங்கங்கே இறக்கிப் பார்த்தார். கெட்டி, கெட்டி, கெட்டி, ஓரிடத்தில் மட்டும் கம்பி தானாக இறங்கியது. கம்பியை உடனே நிறுத்திவிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை வரை உள்ளே போனதும், "இந்தா" என்று ஒரு முட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். பிங்பாங் பந்து மாதிரி உருண்டை, ஆனால் ஓடு தோல்போல மெத்தென்று இருந்தது. ஈரமாக, கொஞ்சம் கொழகொழப்பாக. "பெரட்டாதீங்க தம்பி. எப்படி இருந்துச்சோ அப்படியே வைக்கணும்." ஒரு குழியில் நூறு முட்டை வரை இருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாக, அடியில் அதே ஈர மணல் போட்ட கூடையில் அடுக்கினார். சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக் குழிக்கு மாற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் விடியலில் நாய்கள் வந்துவிடும்.

45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. வெயில் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பெண்களில் ஒருவர் கேட்டார். "பொண்ணாப் பொறக்கும், மாப்பிள்ளைக்கு எங்க போறது" என்றார் காவல்காரர், கூடையைத் தூக்கியபடி.

அவரும் ஒரு காலத்தில் வலை அறுத்தவர்தான். திருக்கை வலை. கண் பெரிய வலை என்பதால் ஆமையின் துடுப்பும் தலையும் அதில்தான் அதிகம் மாட்டும். ஆமைக்கு மூச்சு வேண்டும், மேலே வந்தாக வேண்டும். வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே செத்துவிடும். விசைப்படகை மட்டும் குற்றம் சொல்பவர்கள் இந்தத் திருக்கை வலையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அவர் மறைக்கவில்லை.

ஞாயிறு: கூழையாறு – வானகிரி

தூக்கம் போதவில்லை. தொடுவாய், திருமுல்லைவாசல் என்று நடந்தோம். திருமுல்லைவாசலில் உப்பனாறு குறுக்கே வருகிறது, பைபர் படகில் ஏற்றிவிட்டார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

படகில் வாத்தியார் காதோடு சொன்னது: "சுருக்குமடிப் பேச்ச எடுத்துடாதீங்க." நியாயம்தான். மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-லேயே தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. இந்தக் கரையில் ஒரு ஊருக்கு அது பிழைப்பு, பக்கத்து ஊருக்கு அது வயிற்றில் அடி. ஆமை பேச வந்தவன் அதில் தலையிட்டால் நோட்டில் ஒரு பெயர்கூட ஏறாது.

நோட்டு என்றால், வலை நோட்டு. எந்த ஊர், என்ன வலை, எப்போது அறுத்தார், எத்தனை துண்டு போயிற்று. நேராக மீனவரிடம் எழுதிவிட முடியாது. முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்க வேண்டும். அவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து, யார் நீங்கள், எந்தக் கட்சி, எந்தக் கம்பெனி என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ஆளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல தணிக்கை எந்த ஆடிட்டரும் செய்ய முடியாது. இன்று ஒரு ஊரில் ஒருவர் பெயர் சொன்னதும் பஞ்சாயத்தார் ஒருவர், "டேய், நீ அறுத்தது பாறையில மாட்டி" என்றார். சொன்னவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடத்தில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மேட்டூர் ஜனவரி 28-இல் மூடியாகிவிட்டது, இப்போது இறங்குவது வயல் கசிவுதான். கீழையூரில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்துச் செங்கல் படகுத்துறையைத் தோண்டி எடுத்த ஊர் இது. அத்தனை கப்பல் வந்த வாசல் இப்போது மணல் மேடு. 1934-இல் மேட்டூர் அணை வந்தது, பின்னால் ஆற்று மணலும் லாரி லாரியாகப் போனது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலில்தான் இந்தக் கரை நின்றது. வரத்து குறைந்தால் கடல் உள்ளே வரும். கடல் வந்தால் நாம் கருங்கல் கொட்டுகிறோம். கல் கொட்டிய இடத்தில் ஆமை ஏறாது. ஏறினாலும் குழி பறிக்க மணல் இருக்காது. ஆமைக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம் என்று நன்கொடை கேட்கப் போனபோது ஒருவர் கேட்டார். அவரை இங்கே அழைத்து வந்து அந்தக் கல்லின் மேல் நிற்க வைக்க வேண்டும்.

வானகிரியில் தங்கல். நண்டுக் குழம்பு. கவ்விய நண்டின் உறவினராக இருக்கலாம் என்று நினைத்துத் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

திங்கள்: வானகிரி – தரங்கம்பாடி

வழியில் செத்த ஆமைகள். அலை ஒதுக்கிப் போட்டவை. ஒன்றின் கண் வீங்கி வெளியே தள்ளியிருந்தது, காயம் எதுவும் இல்லை, ஓடு முழுசாக இருந்தது. வலைக்குள் மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் இது என்று காவல்காரர் சொல்லியிருந்தார். கைப்பேசியில் இடத்தைக் குறித்து வனத்துறைக்கு அனுப்பினோம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது எல்லோரும் படம் போட்டார்கள். ஒன்றும் இரண்டுமாக ஒதுங்கும்போது யாருக்கும் அது செய்தியில்லை.

கரைக்கு மேற்கே இறால் குட்டைகள், சக்கரம் போட்டுத் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் குட்டைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்குகின்றன என்று ஜெகந்நாதன்–கிருஷ்ணம்மாள் தம்பதி பழைய நாகை மாவட்டத்துக் கிராமங்களில் போராடித்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கடலோரத்தில் வரம்பில்லாமல் பண்ணை போடுவதற்கு எதிரான தீர்ப்பு. 2005-இல் தனிச் சட்டம் வந்து பண்ணைகளுக்குப் பதிவு முறை கொண்டுவந்தது. குட்டைகள் இருக்கின்றன.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை 1620-இல் கட்டியது. அதைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். நான் மாசிலாமணிநாதர் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கல் அணை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சற்று முன் கல்லைத் திட்டிவிட்டு வந்தேன், இங்கே அதே கல்லைத் திட்ட மனம் வரவில்லை.

செவ்வாய்: காரைக்கால்

நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி. ஊர்ப் பெயர்ப்பலகைக்கு முன்னாலேயே மதுக்கடைப் பலகை வந்துவிடுகிறது. கால் கொப்புளம் உடைந்துவிட்டது. அம்மையார் கோயில் பக்கத்தில் இட்லி நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

புதன்: நாகூர் – நாகப்பட்டினம்

நாகூர் தர்காவில் காலை. வாத்தியார் உள்ளே போய் வந்து, "எல்லா மதத்துக்கும் சொல்லி வெச்சாச்சு" என்றார்.

நாகையில் நடந்தால் 2004 டிசம்பர் 26 எந்த இடத்திலும் வந்து நிற்கும். இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டையில் ஒரு டீக்கடையில், எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டே கடைக்கார அம்மா, பெஞ்சில் இருந்த ஒருவரைக் காட்டி, "இவருக்கு யாரும் மிஞ்சல" என்றார், சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில். அந்த மனிதர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. இங்கே கடலைக் காப்பாற்றுவோம் என்று துண்டுச்சீட்டு நீட்ட என்னால் முடியவில்லை. பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

மதியம் ஒரு விசைப்படகு டிரைவரைச் சந்தித்தோம். கூட நடந்த என் மச்சானுக்குத் தெரிந்தவர். நேராகவே பேசினார்.

"அஞ்சு மைலுக்கு உள்ள இழுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரியும். உள்ளதான் இறால் கெடக்கு, ஆமையும் அங்கதான் கெடக்கு. டீசல் போட்டுட்டுப் போறவன் சும்மாவா வருவான்?"

ஆமை விலக்குக் கருவியைப் பற்றிக் கேட்டேன். வலையின் கழுத்தில் கம்பி வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். மீனும் இறாலும் கம்பி இடைவெளியில் உள்ளே போய்விடும், ஆமை கம்பியில் முட்டி மேலே உள்ள வாய் வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்திருக்கிறது.

"பார்த்துருக்கேன். அது வழியாப் பெரிய மீனும் போயிடுது சார். ஒரு வஞ்சிரம் போனா எனக்குப் போச்சு. ஆமை போனா யாருக்கு லாபம், சொல்லுங்க?"

அமெரிக்காவைச் சொன்னேன். அந்தக் கருவி இல்லாத நாடு என்று 2019-இல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதை நிறுத்திவிட்டது. அவருக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "வெல எறங்குனது எனக்குத்தான் தெரியும். ஏத்துமதிக்காரன் அப்போ வந்து எங்களத்தான் திட்டுனான். கருவி வாங்கிக் கொடுத்தானா?"

பதில் சொல்ல முடியவில்லை. பழையாற்று அக்கா கேட்டதும் இவர் கேட்டதும் ஒரே கேள்விதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் அந்த ஐந்து மைல் ஒன்றே போதும், பாதி ஆமை பிழைக்கும் என்று நான் நினைக்கிறேன். விசைப்படகுக்காரரின் கஷ்டம் உண்மை. பைபர் படகுக்காரரின் பிழைப்பு அந்த ஐந்து மைலை நம்பித்தான் என்பதும் உண்மை. எங்கள் பணம் இரண்டாமவருக்குத்தான்.

வியாழன்: வேளாங்கண்ணி – செருதூர்

தவக்காலம். காவி உடுத்திய நடைப்பயணிகள் சாலை முழுக்க. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு நீர்மோர் கொடுத்துவிட்டு, எங்கள் சட்டையைப் பார்த்து, "என்ன கலர் இது, எந்தப் பங்கு?" என்று கேட்டது. நீலம், ஆமைப் பங்கு என்றார் மச்சான். கொப்புளத்துக்கு ஊசியில் நூல் கோத்து நுழைத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுகிற வைத்தியத்தை அவர்களிடம் கற்றோம். வேலை செய்கிறது. மருத்துவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

செருதூரில் நோட்டு நிறைந்தது. பஞ்சாயத்தார் நல்ல மாதிரி. ஒரு இளைஞர் கைப்பேசியில் வீடியோவே வைத்திருந்தார்: படகில் ஏற்றிய ஆமை, துடுப்பில் இறுக்கிச் சுற்றிய நரம்பு, அறுக்க அறுக்க ஒரு குரல் "பாத்துடா, கழுத்து, கழுத்து" என்று கத்துகிறது. தூக்கிக் கடலில் போட்டதும் அது ஒரு நொடி மிதந்துவிட்டு இறங்கியது. அன்றைக்கு மூவாயிரம் ரூபாய் வலை போயிற்று என்றார். ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டால், "அழுவுற மாதிரி இருந்துச்சு" என்கிறார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "நாந்தான் அழுதேன், சாயந்திரம்" என்றார்.

அவர்தான் எங்கள் திட்டத்தையே மாற்றினார். "பணமாக் குடுக்காதீங்கண்ணே. வலையா வாங்கிக் குடுங்க. பணமா வந்தா பாதி காரைக்காலுக்குப் போயிடும்." கணவர் ஆட்சேபிக்கவில்லை.

வெள்ளி: புஷ்பவனம் – வேதாரண்யம்

நீண்ட நாள். விழுந்தமாவடிக்கு அப்பால் 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த தோப்புகளில் மறுபடி நட்ட தென்னைகள் நிற்கின்றன. புயலுக்குப் பிறகு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மரத்துக்குப் போடத் தெரிந்த கணக்கு வலைக்கு மட்டும் ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று வாத்தியார் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்த ஊர். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று அன்றைய தஞ்சை கலெக்டர் மிரட்டியும் வழியெங்கும் சோறு கிடைத்தது. எங்களை யாரும் மிரட்டவில்லை, ஆனாலும் சோறு கிடைத்துக்கொண்டே இருந்தது. இந்த ஜில்லாவின் குணம் அது.

சனி: கோடியக்கரை

உப்பளங்களுக்கு நடுவே விடியற்காலை நடை. சரணாலயக் காட்டுக்குள் வெளிமான்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. 2002 முதல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிற இடம் இது. தூரத்தில் பூநாரைகள் வெளுத்த கோடாகத் தெரிந்தன. கரையில், ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர்களிலிருந்து வந்து குடிசை போட்டுத் தங்கும் மீனவர்கள் வலை காய வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் ஒரு பொரிப்பகம், அதே மூங்கில், அதே அட்டைகள். காவலுக்கு இருந்த பையன், ஆமையை அதிகம் கலைக்காத சிவப்பு விளக்கைக் காட்டினான், பேட்டரி தீர்ந்திருந்தது. அது எங்கள் பட்டியலில் ஏறியது.

டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சொன்ன நன்கொடை ஒரு பக்கம், நோட்டில் ஏறிய வலைகள் ஒரு பக்கம். நோட்டுதான் கனம். காவல் பங்கையும் வலைக்கே கொடுத்துவிடலாம் என்றார் மச்சான். முட்டை இல்லாமல் ஆமை ஏது என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப நேரம் வாக்குவாதம். கடைசியில் காவலர்களுக்கு சிவப்பு விளக்கும் பேட்டரியும் மட்டும், மீதி முழுக்க வலை என்று முடிவானது. இந்தப் பருவத்தில் அறுத்தவர்களுக்கு முதலில், போன வருஷத்தவர்களுக்குப் பணம் மிஞ்சினால். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் வலைத் துண்டாகவே கொடுப்போம், ரசீது இங்கேயே போடுகிறேன்.

சொன்ன தொகையை இன்னும் அனுப்பாதவர்கள் ஏப்ரல் 15-க்குள் அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. கரையில் உட்கார்ந்து பழைய வலையைப் பொத்துகிற நாட்கள் அவை, புது வலை போய்ச் சேர அதுதான் சரியான நேரம். என்ன வலை, என்ன கண் அளவு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதியிருக்கிறோம். செருதூர்க்காரர் திருக்கை வலை வேண்டாம், நண்டு வலை போதும் என்று சொல்லியிருக்கிறார்.